மாதம் 12,000 தரும் 'சாப்பிடக்கூடிய கவர்': 4 லட்சம் போடும் முன் நாங்கள் கேட்ட ஒரு கேள்வி



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் கண் அசரலாம் என்று சாய்ந்தபோது சித்தி பையன் வந்து நின்றான். வயசு 27. ஒரகடத்தில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மெண்ட். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 38,000 வருகிறது.

"அண்ணா, கோபப்படக் கூடாது. நீங்க வீடியோல சொல்ற மாதிரி எஸ்ஐபி போட்டுட்டு 20 வருஷம் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்ல. இதக் கொஞ்சம் பாருங்க."

பையிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்தான். அதற்குள் உள்ளங்கை அளவுக்கு லேசான மஞ்சள் நிறத்தில், கண்ணாடி மாதிரி ஒரு தாள். மடித்தால் மடிந்தது. விட்டால் பழையபடி விரிந்தது. ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று காட்டினான். "மக்காச்சோளப் புரதம்ணா. பிளாஸ்டிக்கே கிடையாது. மசாலா பாக்கெட், சாக்லேட் கவர் எல்லாம் இனி இதுலதான் வரப்போகுது."

கூடவே 14 பக்க பிடிஎஃப். சுருக்கமாகச் சொன்னால் திட்டம் இதுதான்: நீங்கள் 4 லட்சம் கட்டினால் உங்கள் பெயரில் ஒரு உலர்த்தும் மெஷின் வாங்கி அவர்கள் ஷெட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ஓட்டுவது, விற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்களுக்கு மாதம் 12,000 வாடகை. பெயர் 'பார்ட்னர் யூனிட்'.

பையன் கணக்கிலும் கெட்டிக்காரன். 14 சதவீதத்தில் பர்சனல் லோன், 48 மாதம், இஎம்ஐ சுமார் 10,930. "வர்றது 12,000, போறது 10,930. மாசம் ஆயிரம் ரூபா கையில நிக்கும். நாலு வருஷம் கழிச்சு மெஷின் எனக்குச் சும்மா."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 12,000 நின்றுபோனால் என்ன ஆகும்? 38,000 சம்பளத்தில் 10,930 என்பது கிட்டத்தட்ட 29 சதவீதம். நாலு வருஷத்தில் மொத்தம் 5,24,640 ரூபாய் அவன் பாக்கெட்டிலிருந்து போகும். அடுத்த தை மாதம் தங்கச்சி கல்யாணம் வேற.

4 லட்சத்துக்கு வருஷம் 1,44,000 என்றால் 36 சதவீதம். இதைக் கேட்டவுடனே "வேணாம்டா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன். அவன் நகரவில்லை. "ரிட்டர்ன் அதிகம்னு சொல்றீங்க, சரி. ஆனா பொருள் கண்ணு முன்னாடி இருக்கே அண்ணா? இது ஈமு கோழி இல்லையே?"

நியாயமான கேள்வி. ஆகவே அக்ரிமெண்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்தத் தாளைப் பற்றிப் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். வாடகை எங்கிருந்து வரும்? தாள் விற்றால்தானே வரும்? தாள் விற்குமா என்பது ஒரே ஒரு பொருளில் இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. பிடிஎஃப்பின் 14 பக்கத்திலும் அந்தப் பொருளின் பெயர் இல்லை.

அப்பளம் ஏன் நமத்துப் போகிறது?

நம்ம வீட்டு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். புதுசாகத் தேய்த்த அப்பளம் துணி மாதிரி வளையும். வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் வளைத்தால் 'படக்' என்று உடையும். அதே அப்பளத்தை மழைக்காலத்தில் டப்பா மூடாமல் வைத்தால் மறுபடி வளையும். நமத்துப் போச்சு என்கிறோம். உளுந்து அதே உளுந்துதான், மாவும் அதே மாவுதான். உள்ளே போய் வந்தது தண்ணீர் மட்டும்.

புரதம் என்பது நீளமான சங்கிலி. காய்ந்துபோனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. நகர இடம் இல்லாததால், வளைத்தால் உடைகிறது. தண்ணீர் மாதிரி ஒரு சின்ன மூலக்கூறு இடையில் புகுந்தால் பிடி தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர முடிகிறது. காய்ந்த மக்காச்சோளப் புரதத்தைச் சூடாக்கினால் 160 டிகிரியைத் தாண்டித்தான் இளக ஆரம்பிக்கும். இடையில் இப்படி ஒரு சின்னப் பொருளைச் சேர்த்தால் அந்த வெப்பநிலை வேகமாக இறங்கிவிடும். போதுமான அளவு சேர்த்தால் அறை வெப்பத்திலேயே வளையும்.

அந்தச் சின்னப் பொருளுக்குப் பெயர் பிளாஸ்டிசைசர். தமிழில் இளக்கி என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர்தான் உலகத்திலேயே மலிவான இளக்கி. ஆனால் ஏசி ரூமில் வைத்தால் பறந்துவிடும். ஆகவே தண்ணீர் மாதிரியே பழகுகிற, ஆனால் பறந்து போகாத ஒன்று வேண்டும். எல்லோரும் முதலில் போய் நிற்பது கிளிசரினில். நம் மெடிக்கல் ஷாப்பில் உதட்டு வெடிப்புக்கு வாங்குவோமே, அதேதான். கொதிநிலை 290 டிகிரி, ஆவியாகிப் போகாது. இனிப்பு, விஷம் இல்லை. தாவரப் புரதத் தாள்களில் பொதுவாகப் புரதத்தின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். கவனியுங்கள், இது சிட்டிகை உப்பு மாதிரி இல்லை. 'மக்காச்சோளத் தாள்' என்று விற்கிற பொருளில் நாலில் ஒரு பங்கு இன்னொரு பொருளாக இருக்கலாம்.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ மாத்திரை எல்லாம் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் அழுத்தினால் நொறுங்கும். இரண்டின் ஓடும் பெரும்பாலும் ஜெலட்டின் என்கிற புரதம்தான். மெத்தென்று இருப்பதில் கிளிசரினோ சார்பிட்டாலோ சேர்ந்திருக்கும். ஜெலட்டின் விலங்குப் புரதம் என்றாலும், தத்துவம் அதேதான்.

நம்பாமல் வீட்டிலேயே செய்தும் பார்த்தேன். அரை கிலோ மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தைப் போக்கினால் கையில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். கோதுமைப் புரதம், குளுட்டன். பரோட்டா மாஸ்டர் வீசுகிறபோது மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை இதனால்தான். பாதியை அப்படியே மெல்லிசாக இழுத்துத் தட்டில் காயவைத்தேன். மீதிப் பாதியில் கிளிசரின் விட்டுப் பிசைந்து காயவைத்தேன். மூன்றாம் நாள் முதல் தட்டு அப்பளம் மாதிரி உடைந்தது. இரண்டாவது, பழைய ரப்பர் ஷீட் மாதிரி வளைந்தது. வீட்டம்மா இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

விசிட்டிங் கார்டில் விழுந்த கறை

தம்பி விட்டுப் போன சாம்பிளை, அந்தக் கம்பெனிக்காரரின் விசிட்டிங் கார்டு மேலேயே என் ஆபீஸ் டேபிளில் வைத்திருந்தேன். ஏசி ரூம். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது கார்டில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு வட்டம். தாளின் மூலை விறைத்து, மடித்த இடத்தில் கீறல் விட்டிருந்தது. அதையே வீட்டுக்குக் கொண்டுபோய் பால்கனிப் பக்கம் வைத்தால் இரண்டே நாளில் கையில் ஒட்டியது.

பைக் சீட் ரெக்ஸின் நாலைந்து வருஷத்தில் விறைத்து வெடிக்கிறது இல்லையா? பிவிசிக்குள் போட்ட இளக்கி மெல்ல மெல்ல வெளியேறிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். இங்கே நடப்பதும் அந்தக் கதைதான், ஆனால் வேகம் அதிகம்.

மக்காச்சோளப் புரதத்துக்கு ஜெயின் என்று பெயர். 1821-லேயே ஜான் கோரம் என்ற அமெரிக்கர் பிரித்தெடுத்தார். இதன் சங்கிலியில் பாதிக்கு மேல் தண்ணீரை விரும்பாத அமினோ அமிலங்கள். தனித் தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் கலந்த தண்ணீரில்தான் கரையும். கிளிசரினோ தண்ணீரின் உயிர் நண்பன். அதனால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் மனசு ஒட்டுவதில்லை. கொஞ்ச நாளில் கிளிசரின் மேலே கசிந்து வந்துவிடுகிறது. கசிந்த பிறகு மிஞ்சுவது பழைய அப்பளம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் கிளிசரினே ஈரத்தை இழுத்துக்கொண்டு தாளைப் பிசுபிசுப்பாக்கும். ஏசியில் ஒரு மாதிரி, பால்கனியில் ஒரு மாதிரி ஆனதற்குக் காரணம் இதுதான்.

இது ஒன்றும் ரகசியம் இல்லை. 1990-களிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து, கிளிசரினோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்துக் கசிவைக் குறைக்கப் பார்த்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிரேசியெலா படுவாவின் குழு வேறு வழியில் போனது. எண்ணெய்ப் பசையுள்ள புரதத்துக்கு எண்ணெய்ப் பசையுள்ள இளக்கி என்று, ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலியிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். ஜெயினுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, ஈரத்தையும் அவ்வளவாக இழுப்பதில்லை. ஆனால் எண்ணெய் என்றால் நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும் சிக்கல் இருக்கிறது. உணவுக்கு உறையாகப் போகிற பொருளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சார்பிட்டால் என்று இன்னொன்று. சுகர்-ஃப்ரீ சூயிங் கம்மில் போடுவார்கள். கிளிசரின் அளவுக்கு ஈரம் இழுக்காது. ஆனால் நாள்படப் படிகமாகித் தாளின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

இளக்கி கூடக்கூடத் தாள் நன்றாக வளையும். ஆனால் இழுவிசைக்குத் தாங்கும் பலம் குறையும், ஈரம் ஊடுருவுவது கூடும். ஏற்கெனவே புரதத் தாள் வழியாக ஈரம் புகும் அளவு சாதாரண பாலித்தீனைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆக்ஸிஜனை மட்டும் காய்ந்த நிலையில் அருமையாகத் தடுக்கும், பாலித்தீனைவிடப் பல மடங்கு மேல். ஆனால் 'காய்ந்த நிலையில்' என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு பிடிஎஃப்பின் 9-ஆம் பக்கம் உறைத்தது. அங்கே ஒரு லேப் ரிப்போர்ட். பலம், நீட்சி, ஆக்ஸிஜன் தடுப்பு எல்லாம் பளபளவென்று இருந்தது. கீழே பொடி எழுத்தில்: சோதனை வெப்பநிலை 23 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் சோதிப்பார்கள். ஆனால் மசாலா பாக்கெட் விற்கப்போவது சென்னையில், கடலூரில். இங்கே ஈரப்பதம் வருஷத்தில் பல மாதம் 70-ஐத் தாண்டித்தான் நிற்கும். அதோடு, தாள் தயாரித்த தேதிக்கும் சோதித்த தேதிக்கும் நடுவில் இரண்டே நாள். இளக்கி வெளியே வருவதற்கு முன்னாடியே போட்டோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தம்பியிடம் சொன்னேன்: "டேய், நீ குவாலிட்டில இருக்க. உன் கம்பெனியில ஒரு ரப்பர் சீல் வாங்கினா ஏஜிங் டெஸ்ட் கேப்பியா மாட்டியா?"

"கேப்பேன்ணா."

"இதுக்கு ஏன் கேக்கல?"

அவன் பதில் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற வேலையில் நாம் காட்டுகிற கறாரை, அந்தச் சம்பளத்தைப் போடுகிற இடத்தில் காட்டுவதில்லை. நானும் 2017-ல் ஒரு இடத்தில் காட்டவில்லை. அந்தக் கதை வேறொரு நாள்.

ஒரு கவருக்கு எவ்வளவு ஆகும்?

இப்போ பணத்துக்கு வருவோம். ஒரு யூனிட் ஒரு நாளைக்கு 20 சதுர மீட்டர் தாள் தரும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தடிமன் 50 மைக்ரான். இந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டர் புரதத் தாள் சுமார் 65 கிராம் இருக்கும். நாளுக்கு 1.3 கிலோ. மாதம் 26 நாள் ஓடினால் சுமார் 34 கிலோ.

அந்த 34 கிலோவிலிருந்துதான் உங்கள் 12,000 வாடகை வரவேண்டும். வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 350 ரூபாய்க்கு மேல். இது வாடகை மட்டும். சுத்தமான ஜெயின் விலை, தரத்தைப் பொறுத்து, கிலோ 10 டாலரிலிருந்து 40 டாலர் வரை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சொல்லப்படுகிறது. குறைந்தபட்ச 10 டாலர் என்றாலே 800 ரூபாய்க்கு மேல். பிறகு கிளிசரின், கரைக்க ஆல்கஹால், காயவைக்கக் கரண்ட், ஆள் கூலி. எப்படிப் போட்டாலும் தாள் கிலோ ஆயிரத்துக்குக் கீழே இறங்காது.

10-க்கு 15 சென்டிமீட்டர் மசாலா பாக்கெட் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 2 கிராம் தாள் வேண்டும். அப்போ கவர் மட்டும் 2 ரூபாய். அதே அளவு பாலித்தீன் கவருக்கு மூலப்பொருள் செலவு 25 பைசாகூட ஆகாது. 10 ரூபாய் மசாலா பாக்கெட்டில் 2 ரூபாயைக் கவருக்குக் கொடுக்க எந்தக் கம்பெனி வரும்? அதுவும் ஈரம் புகுந்து மிளகாய்த்தூள் கட்டி தட்டிப்போகிற கவருக்கு.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். மக்காச்சோளம் மலிவாச்சே, ஜெயின் ஏன் இவ்வளவு விலை? ஸ்டார்ச் ஆலைகளில் மிஞ்சுகிற புரதப் பொடி நிஜமாகவே மலிவு, கோழித் தீவனத்துக்குத்தான் பெரும்பகுதி போகிறது. ஆனால் அதிலிருந்து நிறமும் வாடையும் நீக்கி, ஆல்கஹாலில் கரைத்து, சுத்தமான ஜெயினாகப் பிரிப்பதில்தான் செலவு. கச்சாப்பொருள் விலையைக் காட்டி லாபக் கணக்குப் போடுகிற எந்த பிடிஎஃப்பைப் பார்த்தாலும் நடுவில் இருக்கும் இந்தப் படியைத் தேடுங்கள்.

உலர்த்தும் மெஷினே ஒரு பிரச்சினைதான். பாலித்தீன் ஆலையில் குருணையை உருக்கி நிமிஷத்துக்குப் பல மீட்டர் என்று ஊதித் தள்ளுவார்கள். புரதத்தைக் கரைசலாக்கித் தட்டில் ஊற்றிக் காயவைப்பது லேப்பில் செய்கிற வேலை. புரதத்தையும் உருக்கித் தள்ள முடியாதா? முடியும், ஆனால் புரதம் இளகுகிற வெப்பத்துக்கும் அது கருகி இறுகிவிடுகிற வெப்பத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அந்த இடைவெளியை அகலப்படுத்துவதும் இளக்கியின் வேலைதான். ஆகவே சரியான இளக்கி கிடைக்காத கம்பெனி தட்டில் ஊற்றித்தான் காயவைக்கும். தட்டில் காயவைக்கிற கம்பெனி பாலித்தீனோடு விலையில் போட்டி போட முடியாது. நம் தம்பி காசு போடவிருந்தது அந்தத் தட்டில்.

கிளிசரின் விலையும் சும்மா இருக்காது. பயோடீசல் தயாரிக்கும்போது நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் உபபொருளாக வரும். 2000-களில் பயோடீசல் ஆலைகள் பெருகியதும் கிளிசரின் மலையாகக் குவிந்தது. விலை படுத்து, 2006-ல் டவ் கெமிக்கல் டெக்சாஸில் இருந்த தன் செயற்கைக் கிளிசரின் ஆலையையே மூடியது. நம் புரதத் தாள் பிசினஸின் நாலில் ஒரு பங்கு மூலப்பொருளின் விலையை வேறு ஏதோ நாட்டின் டீசல் கொள்கை முடிவு செய்கிறது. பிடிஎஃப்பில் 5 வருஷத்துக்கும் ஒரே செலவு.

சாப்பிடுகிற பொருள் என்றால் தரமும் முக்கியம். 1986-ல் மும்பையில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். மருந்துத் தரக் கிளிசரினும் தொழிற்சாலைத் தரக் கிளிசரினும் பார்வைக்கு ஒன்றுதான். வாயில் போட்டு மென்று காட்டினானே தம்பி, அவனுக்கு இது எந்தத் தரம் என்று தெரியாது.

அப்போ எல்லாமே பொய்யா?

இல்லீங்க. அப்படிச் சொன்னால் நான் சொல்வதும் பொய்யாகிவிடும். அறிவியல் உண்மையானது. பிரான்ஸில் மோன்பெலியே நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நத்தாலி கோண்டார், ஸ்டெஃபான் கில்பேர் போன்றவர்கள், 1990-களிலிருந்து கோதுமைக் குளுட்டன் தாள்களில் வேலை செய்தவர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்துவந்த ஜாம்ப்லா என்ற கம்பெனி தாவரப் புரதப் படலங்களையே தொழிலாக எடுத்திருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானிகள் 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில், சோயா புரதச் சங்கிலிகளைச் சிலந்தி நூல் மாதிரி ஒழுங்காக அடுக்கினால் தாளுக்குப் பலம் வரும் என்று காட்டினார்கள். வெறும் இளக்கியை ஊற்றிச் சமாளிக்காமல் அடுக்குமுறையையே மாற்றுவது நல்ல யோசனை.

ஜெயினும் தோற்ற பொருள் இல்லை. மாத்திரை மேலும், மிட்டாய் மேலும், முந்திரி பாதாம் மேலும் மெல்லிய பூச்சாகப் பல வருஷமாகப் பயன்படுகிறது. அங்கே அது வளைய வேண்டியதில்லை, விலையும் கட்டுபடியாகும், ஏனென்றால் ஒரு கிலோ முந்திரிக்குப் பூச்சு சில கிராம்தான். என்னைக் கேட்டால் தாவரப் புரதத்தின் நல்ல எதிர்காலம் பூச்சில்தான் இருக்கிறது, பையில் இல்லை.

பையாக, துணியாக, காராக மாற்றப் பார்த்தவர்கள் கதையும் இருக்கிறது. 1941 ஆகஸ்டில் ஹென்றி ஃபோர்டு சோயாவும் பிற பயிர்களும் கலந்த பிளாஸ்டிக் பலகைகளால் ஒரு காரைச் செய்து காட்டினார். ஒரே ஒரு கார்தான், விற்பனைக்கு வரவில்லை. ஜெயினிலிருந்து விகாரா என்ற நூலிழையை 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்றார்கள். 1957-ல் நின்றுபோனது. நைலானும் பாலியெஸ்டரும் மலிவாக வந்துவிட்டன.

பங்குச் சந்தை உதாரணம் வேண்டும் என்றால் டேனிமர் சயின்டிஃபிக். இது புரதம் இல்லை, பாக்டீரியா தயாரிக்கும் வேறொரு மக்கும் பிளாஸ்டிக். 2020 டிசம்பர் கடைசியில் நியூயார்க் சந்தையில் பட்டியலானது. இரண்டே மாதத்தில் பங்கு 60 டாலரைத் தாண்டியது. 2025 மார்ச்சில் திவால் மனு. அவர்களிடம் ஆலை, காப்புரிமை, பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் இருந்தன. அப்படியும் சாதாரண பிளாஸ்டிக்கின் விலையோடு மோத முடியவில்லை.

பேப்பர்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வீடியோவில் முன்பே பேசியதுதான். 'மக்கும் பை' என்று கடைக்கு விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அவர்களிடம் 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற கடிதம்தான் இருந்தது. பொதுமக்களிடம் பணம் வாங்கி, தொழிலைத் தாங்களே நடத்தி, மாதாமாதம் நிச்சயத் தொகை தருவதாகச் சொன்னால், நீங்கள் அதை வாடகை என்று கூப்பிட்டாலும் பார்ட்னர்ஷிப் என்று கூப்பிட்டாலும், ஒழுங்குமுறை இல்லாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டமும் செபியின் கூட்டு முதலீட்டு விதிகளும் கேள்வி கேட்கும். ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடினோம். எந்த ஒழுங்குமுறை அமைப்பின் பதிவும் இல்லை.

ஈமு கோழியையும் ஞாபகப்படுத்தினேன். பெருந்துறைப் பக்கம் 2012-ல் சரிந்தபோது அங்கேயும் பறவை கண் முன்னாடிதான் நின்றது. தீவனமும் அவர்களே, கொள்முதலும் அவர்களே, மாதத் தொகையும் அவர்களே. கறிக்கு வெளியே சந்தை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பறவைக்குப் பதில் மஞ்சள் தாள், அவ்ளோதான்.

அந்த ஒரு கேள்வி

தம்பியே போன் போட்டான், ஸ்பீக்கரில். நான் பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை. "சார், இந்த ஃபிலிம்ல என்ன பிளாஸ்டிசைசர் போடுறீங்க? எத்தனை பெர்சென்ட்? மூணு மாசம் 80 பெர்சென்ட் ஹ்யூமிடிட்டில வச்சு எடுத்த ரீடிங் இருக்கா?"

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிளாஸ்டிசைசரா? நம்ம ப்ராடக்ட்ல பிளாஸ்டிக்கே கிடையாது சார்" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். மறுபடி விளக்கிக் கேட்டான். "அது ஆர்கானிக் சாஃப்ட்னர் சார், கம்பெனி ரகசியம். நீங்க எதுக்கு டெக்னிக்கலுக்குள்ள போறீங்க? உங்களுக்கு மாசம் 12,000 வந்தா சரிதானே?"

ஒரு கம்பெனி தன் ஃபார்முலாவைச் சொல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் மூன்று மாத ரீடிங்கைக் காட்டுவதற்கு ஃபார்முலா தேவையில்லை. பெரிய வாடிக்கையாளர் எவரும் அது இல்லாமல் ஒரு கிலோகூட ஆர்டர் தரமாட்டார். ஆகவே ரீடிங் இல்லை என்றால் பெரிய வாடிக்கையாளரும் இல்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் முதல் சில மாதம் எல்லோருக்கும் 12,000 எங்கிருந்து வருகிறது? அடுத்து வந்து 4 லட்சம் கட்டுகிறவரிடமிருந்துதான் வர முடியும்.

லோன் அப்ளிகேஷனை அன்றைக்கே ரத்து பண்ணிவிட்டான். அதற்கப்புறம்தான் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னான். "அண்ணா... புக்கிங் அமௌண்ட்னு ஒரு 25,000 ஏற்கெனவே ஜிபேல போட்டுட்டேன்." சித்திக்குத் தெரியாது. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததிலிருந்து போட்டிருக்கிறான்.

திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பியாச்சு. முதல் வாரம் 'ப்ராசஸில் இருக்கு', இரண்டாம் வாரம் 'அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு', இப்போ போன் எடுப்பதில்லை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த 14 பக்க பிடிஎஃப் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம். சாம்பிள் தாளையும் ஒரு கவரில் போட்டு இணைத்தோம். அதற்குள் அது நாலு துண்டாக உடைந்திருந்தது. பணம் திரும்பி வந்தால் எந்த வழியில் வந்தது என்று தனியாக ஒரு பதிவு போடுகிறேன்.